மூன்று வெயில் காட்டிய கிழங்கு

வெந்த கிழங்கின் மேல் சூடான கருப்பட்டிப் பாகு விழும்போது ஒரு வாசனை எழும். பனையும் புகையும் மண்ணும் ஒன்றாகக் கலந்த அந்த வாசனை, எங்கள் வீட்டில் தை மாசி மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது அடுப்படியிலிருந்து கிளம்பி, கொல்லையைத் தாண்டி, கிணற்றடி வரைக்கும் வந்து எங்களை அழைத்துவிட்டுப் போகும். எனக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. இன்றைக்கும் அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு நாக்கில் இனிப்பு ஊறுவதில்லை, தொண்டையில் ஒரு கசப்பு அரிக்கிறது. அது ஏன் என்பதை என் தங்கையிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் என் மகள் போகும் பள்ளி வேனில் ஒன்று நடந்த பிறகு, இதை எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் வீடு உச்சிப்புளிக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஊருக்கு மேற்கே கொஞ்சம் மிளகாய்க் காடு. வீட்டுக்குப் பின்னால் பனைமட்டை வேலி போட்ட ஆறு சென்ட் தோட்டம். அந்தத் தோட்டத்து மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். மணல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மணலில் மற்றதெல்லாம் முரண்டு பிடிக்கும், சிவப்புத் தோல் சீனிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றிவிட்டு, மழைக்காலம் முழுக்க அதை மறந்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகு தோண்டினால் கை கையாகக் கிழங்கு வரும்.

தோண்டிய கிழங்கை அன்றைக்கே அவிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஓலைப்பாயில் பரப்பி மூன்று நாள் வெயிலில் போடுவார்கள். அதற்கு 'மூணு வெயில் காட்டுறது' என்று பெயர். "தோண்டுன அன்னைக்கு மாவு, மூணாம் வெயிலுக்குத் தேனு" என்று அம்மா சொல்வாள். அது உண்மையும்கூட. மூன்றாம் வெயிலுக்குப் பிறகு அவித்த சீனிக்கிழங்குக்குப் பாகே வேண்டியதில்லை.

அம்மாவின் தம்பி கருப்பையா மாமா லாரி ஓட்டினார். எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார், வரும்போது அங்கே என்ன லோடு கிடைக்கிறதோ அதோடு வருவார். எனக்குப் பதினொரு வயது நடந்த ஒரு கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலையில், தோளில் துணிப்பையோடு வந்து வாசலில் கவிழ்த்தார். எலுமிச்சை அளவில் சிவப்புச் சிவப்பாக உருண்டன. சிலவற்றில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

"என்ன மாப்ள, சீனிக்கிழங்கு நம்ம ஊர்ல இல்லைன்னா அங்கயிருந்து தூக்கிட்டு வந்தே?" என்றார் அய்யா.

"உருளைக்கிழங்கு மச்சான். வடக்க இதைச் செவப்புலயும் வெளைய வைக்கிறாக. மொளை விட்டுருச்சுன்னு ஒதுக்கிப் போட்டிருந்தாக, அள்ளிக்கிட்டு வந்தேன். நட்டுப் பாருங்க."

"நம்ம மணல்லயா? விட்டா உன் லாரியை நட்டு வச்சாலும் வெளையும்பே."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஏ மருமகளே, இவுகளுக்கெல்லாம் நீ வெளைய வச்சுக் காட்டு. தையில வாரேன். என்னைக்கு வாரேன்னு சொல்லி விடுறேன். ஆக்கி வையி, வந்து திங்கிறேன்" என்றார்.

எங்களுக்கு உருளைக்கிழங்கு தெரியாமல் இல்லை. கல்யாண வீட்டிலும் கடையிலும் பார்த்திருக்கிறோம், தின்றிருக்கிறோம். ஆனால் அது கடையில் விளையும் பொருள் போலத்தான் எங்களுக்கு இருந்தது. மண்ணோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. கொடி இல்லாமல் கிழங்கையே புதைக்க வேண்டும் என்று மாமா சொன்னதை அம்மா நம்பவில்லை. "திங்கிறதைப் புதைச்சா எலிதான் திங்கும்" என்றாள். முளைக்கு ஒரு துண்டாக அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பல் தடவி, நாலு பாத்தியில் நான்தான் ஊன்றினேன். காலையில் பள்ளிக்குப் போகுமுன் எட்டுக் குடம், வந்ததும் எட்டுக் குடம் என்று தண்ணீர் சுமந்தேன். கத்திரிச் செடிக்கு அக்காள் தங்கை போல ஒரு செடி வந்தது. என் தங்கை முத்துவுக்கு அப்போது ஐந்து வயது, அவளுடைய வேலை, செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை நாளுக்கா?" என்று கேட்பது.

மார்கழியில் வாடைக்காற்று கிளம்பியதும் பாத்தி மணல் பறக்கும். காற்று மணலைத் தள்ளிவிட்ட இடங்களில் சின்னச் சின்னக் கிழங்குகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மண்ணை அணைத்து விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடித்திருந்தது. முத்துவை அழைத்துக் காட்டுவேன். இருவரும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவோம்.

தை கடைசியில் இலை பழுத்தது. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் தோண்டினோம். ஓர் ஓலைப்பெட்டியில் முக்கால் பங்கு வந்தது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள எலுமிச்சை அளவில் முப்பது நாற்பது இருக்கும். மற்றதெல்லாம் நெல்லிக்காயும் கோலிக்குண்டும்தான். அய்யாகூட ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "வெளைஞ்சிருச்சே" என்றார். அது அவர் வாயிலிருந்து வருவது சாதாரண விஷயமில்லை.

அம்மா யாரையும் கேட்கவில்லை. கிழங்கு என்றால் மூன்று வெயில். மறுநாள் காலை முற்றத்தில் ஓலைப்பாயை விரித்துப் பரப்பினாள். காக்கையும் ஆடும் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை, பள்ளி இல்லாத சனிக்கிழமை எனக்கு வந்தது.

அந்த நாட்களில் மண்டபம் முகாமிலிருந்து பெண்கள் கூட்டமாக எங்கள் பக்கத்து மிளகாய்க் காடுகளுக்குப் பழம் எடுக்க வருவார்கள். சிலோனிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை பத்து மணி இருக்கும். அந்தக் கூட்டத்தில் பின்தங்கி வந்த ஒரு பெண் எங்கள் வேலியோரம் நின்றாள். முப்பது வயது இருக்கலாம். தலையில் சும்மாட்டுத் துணி, கையில் தூக்குச் சட்டி.

"பிள்ளை, இது உருளைக்கிழங்குதானே? என்னத்துக்கு வெயில்ல போட்டிருக்கு?"

"மூணு வெயில் காட்டுனா இனிக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, "ஒன்னு தாங்க பார்ப்பம்" என்றாள். கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் அதன் சிவப்புத் தோலைச் சுரண்டினாள். உள்ளே பச்சையாக இருந்தது. மாங்காய்த் தோல் போலப் பச்சை.

"எங்க ஊர் நுவரெலியாப் பக்கம், உருளைக்கிழங்கு வெளையிற இடம். இதை இருட்டுலதான் வைக்கிறது. வெயில் பட்டா நஞ்சாகிரும் பிள்ளை. கொட்டிருங்க. ஆட்டுக்கும் போட வேணாம். அம்மாட்ட சொல்லுங்க, என்ன?"

கிழங்கை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்னால் போனவர்களைப் பிடிக்க வேகமாக நடந்தாள். அடுப்படி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாருடி அங்கன? என்ன சொன்னா?"

"ஒன்னும் சொல்லலம்மா. தண்ணி கேட்டாக."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு நான் பல வருடங்கள் பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது ஒன்று. வெயிலால் எப்படி நஞ்சு வரும், வெயில்தானே எல்லாவற்றையும் காயவைத்துக் கெடாமல் வைக்கிறது என்பது இன்னொன்று. எங்கள் கடற்கரையில் மீனும் மிளகாயும் நெல்லும் வெயிலில் கிடந்துதான் சோறாகின்றன. ஆனால் நகத்துக்கு அடியில் தெரிந்த பச்சையை நான் பார்த்தேன். நான் தண்ணீர் சுமந்ததையும், அய்யா "வெளைஞ்சிருச்சே" என்றதையும், மாமா மறுநாள் வருவதையும் ஒரு பக்கம் வைத்து, அந்தப் பெண் சொன்னதை மறுபக்கம் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். சுரண்டிய கிழங்கை வேலிக்கு வெளியே எறிந்தேன். அதை மட்டும் எறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, "எங்க என் மருமக வெள்ளாமை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். பெரிய கிழங்குகளைத் தோல் சீவி அம்மா மிளகாய் அரைத்துப் பொரியல் செய்திருந்தாள். சீவ முடியாத பொடிக் கிழங்குகளை முத்துவுக்கென்று தோலோடு அவித்து, சீனிக்கிழங்குக்குச் செய்வதுபோலக் கருப்பட்டிப் பாகு ஊற்றித் தேங்காய்ப்பூ தூவியிருந்தாள். மூன்று மாதமாகப் பாத்திக்குப் பக்கத்தில் காத்திருந்த பிள்ளைக்கு வட்டில் நிறைய வைத்தாள். சின்னக் கிழங்கு சின்னப் பிள்ளைக்கு என்பது எல்லா வீட்டிலும் உள்ள நியாயம்தான். மணலுக்கு வெளியே முதுகு காட்டிக்கொண்டிருந்தவை அந்தப் பொடிக் கிழங்குகள்தான் என்பது எனக்குத் தெரியும்.

நான் அவள் வட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதலில் பாகு இனித்தது. பிறகு கசந்தது. பிறகு தொண்டையில் ஏதோ அரித்தது. விழுங்கிவிட்டேன்.

"அக்கா, கசக்குது" என்றாள் முத்து.

"பாகைத் தொட்டுத் தின்னு" என்றாள் அம்மா.

"கசந்தா நல்லதுதான், வயித்துப் பூச்சி சாகும்" என்று அய்யா சிரித்தார்.

"ஏலே கருப்பா, புதுக் கிழங்குன்னா இப்படித்தான் இருக்குமா?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"நான் ஏத்தி இறக்குனவன்தானேக்கா, தின்னுபார்த்தவனா? பொரியல் நல்லாத்தான் இருக்கு. லேசாக் கசக்குது, அது மண்ணுவாகு. அடியேய் முத்து, உங்கக்கா வெளைய வச்சது, மிச்சம் வைக்காமத் தின்னுரு. அப்புறம் லாரியில ஏத்திட்டுப் போறேன்."

லாரி என்றதும் முத்து வேகமாகத் தின்றாள். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வட்டில் காலியாகும் வரை எனக்கு நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு முத்து வாந்தி எடுத்தாள். நாலு மணிக்குள் ஆறேழு முறை ஆகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிறகு சுருளவும் தெம்பில்லாமல் கிடந்தாள். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினார். அம்மா, அய்யா, நான் எல்லோரும் ஏறினோம். அவள் ஆசைப்பட்ட லாரியில்தான் ராமநாதபுரம் போனாள். வழியில் கண்ணைத் திறந்து, "கண்ணாடியில எறும்பா ஊருது" என்றாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். மிளகாய்க்காட்டு ஆட்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்த இடம் எனக்கு இப்போது புரிகிறது. "வீட்டுல பூச்சிமருந்து வச்சிருக்கீங்களா? டப்பா எங்க இருக்கு? பிள்ளை கைக்கு எட்டுமா?" என்று அய்யாவைக் கேட்டார். அய்யா பரண் மேல் இருக்கிறது என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார் டாக்டர். அய்யாவுக்கு வாய் குழறியது. மருந்தடித்த கையோடு பிள்ளையைத் தொட்டேனோ என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்சிடம் விஷமுறிவு ஊசிக்கு ஏதோ பெயர் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னார் டாக்டர். அய்யா கையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

"மருந்து இல்ல. உருளைக்கிழங்கு. வெயில்ல போட்டது. உள்ள பச்சையா இருந்துச்சு. வெயில் பட்டா நஞ்சுன்னு ஒரு அக்கா சொன்னாக."

டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்தார். எத்தனை தின்றாள், தோலோடா, எத்தனை மணிக்கு என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் ஆகையால் எல்லாக் கணக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் நர்சிடம் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். "நல்ல வேளை சொன்னே பாப்பா" என்றார். அந்தப் பாராட்டைப் போல ஒரு பாராட்டு என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை, வரவும் வேண்டாம்.

மாமா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு யாரிடமென்று இல்லாமல் பேசினார்: "லோடு ஏத்துறப்ப சந்து விடாமத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுவாக. மழைக்குன்னுல்ல நெனச்சேன்."

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பச் சொன்னா?"

"நேத்து."

அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. முத்துவின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முத்து இரண்டு நாள் யாரையும் சரியாக அடையாளம் காணாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பன் கேட்டாள். தின்று முடித்துவிட்டு, "இது கசக்கல" என்றாள். அம்மா முதல்முறையாக அழுதது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கிழங்கை அய்யா ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். அம்மா நாலைந்து காலை வேலியோரம் நின்று அந்தப் பெண்ணுக்காகப் பார்த்தாள். பக்கத்துக் காடுகளில் பழமெடுப்பு முடிந்திருந்தது. அந்தக் கூட்டம் பிறகு எங்கள் வழியாக வரவில்லை. அவள் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. அவள் சொன்னது சரியென்று அவளிடம் சொல்லப்படவே இல்லை.

அந்த விஷயத்தை எங்கள் வீட்டில் மறுபடி யாரும் எடுத்ததில்லை. ஒரே ஒரு மாற்றம்தான். அன்றிலிருந்து, நான் பள்ளியிலிருந்து வந்தாலும் கடைக்குப் போய்விட்டு வந்தாலும், அம்மா முகத்தைப் பார்த்து, "யாரு என்ன சொன்னா?" என்று கேட்பாள். எனக்குக் கல்யாணமாகிப் போகும் நாள் வரை கேட்டாள். அதில் குத்தலோ கோபமோ இருந்ததாக எனக்கு நினைவில்லை. அரிசியில் கல் பார்ப்பதுபோல ஒரு வேலை அது அவளுக்கு.

முத்து இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளுக்கு அந்த நாட்களைப் பற்றி லாரியில் போனதும், ஆஸ்பத்திரியில் பன் தின்றதும் மட்டும்தான் ஞாபகம். உருளைக்கிழங்கு அவளுக்கு மிகவும் பிடிக்கும். நான்தான் கடையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்கி, சாக்கைச் சுற்றி அலமாரிக்கு அடியில் இருட்டில் வைக்கிறேன்.

நானும் என் மகளிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். ராமநாதபுரத்தில் மாடி வீடு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. சாயங்காலம் பை இறங்கும் முன் கேட்பேன். "ஒன்னும் சொல்லலம்மா" என்பாள். போன மாதமும் அப்படித்தான் சொன்னாள். வேனின் பின்கதவுப் பூட்டு சரியாக விழவில்லை, சரிசெய்யும்வரை கடைசி இருக்கைப் பிள்ளைகளை வீட்டு ஆட்களையே பள்ளியில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள் என்று டிரைவர் அன்றைக்குத்தான் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். கடைசி இருக்கையில் அவளும் அவள் தோழியும். இடத்தை விட மனசில்லை. இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் கதவு திறந்துகொண்டது. பை விழுந்தது, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. நானே மருந்து போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை. அதற்கான பதில் எனக்குத் தெரியும்.

உச்சிப்புளித் தோட்டம் இப்போது வேறு ஒருவருடையது. போன வாரம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். கிணற்றை மூடிவிட்டார்கள். பாத்தி இருந்த இடத்தில் சிமெண்ட் தளம். பனைமட்டை வேலிக்குப் பதிலாக என் தலைக்கு மேல் உயர்ந்த சுற்றுச்சுவர். வழியில் போகும் ஒருத்தியால் உள்ளே ஒரு பிள்ளை என்ன காயவைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க முடியாது. கையை நீட்டி, ஒன்று தா பார்ப்போம் என்று கேட்கவும் முடியாது.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். மகள் வந்தாள். கேட்டேன். "ஒன்னும் சொல்லல" என்று அறைக்குள் போய்விட்டாள். தோலை வழக்கத்தைவிடக் கனமாகச் சீவி, தாளிக்க எண்ணெய் வைத்தேன். கடுகு போடும் நேரத்தில் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒன்னு சொல்ல மறந்துட்டேன்."

"சொல்லு."

"கணக்கு மிஸ் சொன்னாங்க, நாளைக்கு எல்லாரும் கிராஃப் நோட்டு கொண்டு வரணுமாம். அப்புறம்..."

அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.